கரட்டுமேட்டின் மைனஸ் பதினெட்டு

ஆயுத பூஜையன்று காலை பத்தரை மணிக்கு அர்த்தநாரியின் ஃப்ரீசர் வண்டியில் மெஷினை நிறுத்தியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கரட்டுமேட்டில் இந்தக் கதையை யார் சொன்னாலும் என் முகத்துக்காக அந்த இடத்தைக் கொஞ்சம் மழுப்பி, மெஷின் நின்றது, ஊர் காத்தது, ஊசி அசையவில்லை என்று ஓட்டிவிடுவார்கள். எனக்கு அந்தச் சலுகை வேண்டாம்.

என் பெயர் வையாபுரி. சங்ககிரிக்கு இந்தப் பக்கம் ஃப்ரீசர் மெஷினைத் திறந்து மூடத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு லாரி இருக்கிற ஊர் எங்களுடையது. காஷ்மீர் ஆப்பிளையும் அசாம் தேயிலையையும் ஏற்றி இறக்கி வந்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனாலும் குளிர்ச்சரக்கு என்றால் மட்டும் எந்தக் கம்பெனிக்காரனும் எங்கள் பக்கம் திரும்ப மாட்டான். கரட்டுமேட்டு டிரைவரா, மீன் ஏற்றின கையோடு மெஷினை அணைத்துவிட்டு மிச்ச டீசலை வழியில் விற்பான், இறக்குகிற இடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மறுபடி போட்டுக்கொண்டு நல்ல பிள்ளை மாதிரி போய் நிற்பான் என்று துறைமுகம் துறைமுகமாகப் பேச்சு. யாரோ இரண்டு பேர் எப்போதோ செய்ததற்கு ஊரே சுமந்தது. அந்தப் பேச்சை உடைக்கக் கிளம்பின முதல் ஆள் என் தங்கை சாந்தாமணியின் வீட்டுக்காரன் அர்த்தநாரி. ஆறு வருஷமாக, சரக்கு ஏற்றின பின் ஒரு நிமிஷம்கூட அவன் மெஷினை அணைத்ததில்லை. அவன் வாங்கிக் கொடுத்த நல்ல பெயரில்தான் அந்த வருஷம் இன்னும் ஒன்பது பேர் ஃப்ரீசர் வண்டிக்குப் பெட்டி கட்டக் கொடுத்திருந்தார்கள்.

அந்த வாரம் அவன் தூத்துக்குடியில் பதினான்கு டன் உறைந்த இறால் ஏற்றிக்கொண்டு ஓசூர் கிடங்குக்குப் போக வேண்டியவன். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை, சனிக்கிழமை விஜயதசமி, அடுத்தது ஞாயிறு, கிடங்கு திங்கட்கிழமைதான் திறக்கும் என்று சொல்லிவிட்டதால், வழியில் இருக்கிற ஊர்தானே என்று வீட்டுக்கு வந்து, மெஷினை ஓடவிட்டே வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தான்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஆயுத பூஜையன்று காலையில் எங்கள் ஊர் எல்லைக்குள் எந்த இன்ஜினும் ஓடக்கூடாது. எல்லா வண்டிச் சாவியும் மாரியம்மன் கோயில் தாம்பாளத்தில் கிடக்கும். லாரிகள் கழுவி, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டிக்கொண்டு வரிசையாகச் சும்மா நிற்கும். வருஷம் முழுக்க உழைத்த இரும்புக்கு அது ஒன்றுதான் லீவு. அர்த்தநாரி மட்டும் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆனால் தனி டீசல் இன்ஜின் இருக்கிற பெட்டி மெஷின் ஓடும் என்று சொல்லிவிட்டான்.

லாரி சங்கத் தலைவர் காளியப்பன் கோபித்துக்கொண்டார். "ஏப்பா, ஊருக்கெல்லாம் ஒரு வழக்கம், உனக்கு மட்டும் ஒண்ணா?"

"சாமி மன்னிச்சுருமுங்க," என்றான் அர்த்தநாரி. "ஓசூர்ல தெர்மாமீட்டரோட ஒரு அம்மா உக்காந்திருக்குது. அது மன்னிக்காதுங்க."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். விட்டுவிட்டார்கள். விடாதவன் நான்தான். காலையில் வண்டிக்கு வண்டி பொட்டு வைத்துக்கொண்டே வந்தவன், அவன் வாசலுக்கு வந்தபோது, அந்த மெஷின் தனியாக லொடலொடவென்று ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஆறு வருஷமாக என் கையால் எண்ணெய் ஊற்றி, பெல்ட் மாற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்த மெஷின். ஊரில் இருக்கிற ஓட்டை உடைசல் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று தோன்றியது. பெட்டி இறுக்கமான பெட்டி. கதவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் நிறுத்தினால் ஒரு டிகிரிகூட ஏறாது. அது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. அர்த்தநாரி குளிக்கப் போயிருந்தான். சுவிட்சை அணைத்துவிட்டு, மெஷின் நெற்றியில் சந்தனம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சாத்தினேன்.

கற்பூரம் காட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. மறுபடி போட்டேன். அந்த முனகல்கூட இல்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே கருகிக் கிடந்தது. சேலத்தில் அந்தச் சாமான் விற்கிற ஒரே கடை திங்கட்கிழமைதான் திறக்கும். கரண்டில் ஓட்டலாம் என்றால் அந்த வசதி இல்லாத பழைய மெஷின். ஈரத் தலையோடு ஓடி வந்த அர்த்தநாரி, "என்ன மச்சான் ஆச்சு?" என்றான்.

"நின்னு போச்சு மாப்பிள்ளை," என்றேன்.

பேருக்குப் பெரிய மெக்கானிக், பொய்யை மட்டும் சின்னதாகச் சொன்னேன். அவன் என்னைச் சந்தேகப்படவே இல்லை. பெட்டி முகப்பில் இருக்கிற ஊசியைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான். சரக்கோடு போகிற பதிவுக் கருவி ஒவ்வொரு நிமிஷத்தின் குளிரையும் கோடாக எழுதிக்கொண்டே வரும். அதில் ஓர் ஏற்றம் தெரிந்தால் பதினான்கு டன்னும் திரும்பும். திரும்பினால், பார்த்தீர்களா, கரட்டுமேட்டுக்காரன் புத்தியை என்பார்கள். அந்த ஒன்பது பேரும் கட்டுகிற பெட்டியில் வைக்கோல்தான் ஏற்ற வேண்டும்.

ஆனால் ஊசி அசையவில்லை. மதியம் ஆனது, வெயில் பெட்டித் தகரத்தில் ஏறி நின்றது, ஊசி மைனஸ் பதினெட்டிலேயே இருந்தது. மூன்று மணிக்கு, ஒரு டிகிரியாவது ஏறியிருக்க வேண்டிய நேரம், அப்போதும் அங்கேயே இருந்தது. மூன்றரைக்குத்தான் கோயிலில் சாவி கொடுத்தார்கள். முதல் ஆளாகக் காளியப்பன் தன் பன்னிரண்டு சக்கரத்தை எடுத்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினார். அதே நொடியில் ஊசி பதினேழுக்கு வந்தது. அவர் அணைத்தார், பதினெட்டுக்குத் திரும்பியது. இன்னொரு வண்டியை எடுக்கச் சொன்னேன், பதினேழு. நிறுத்தச் சொன்னேன், பதினெட்டு. நான்கு தடவை எடுத்து, நான்கு தடவை நிறுத்தி, ஐந்தாவது தடவை யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போயிற்று: ஊரில் இருக்கிற மெஷின்கள் எடுக்கிற ஓய்வுதான் அந்தப் பெட்டிக்குள் குளிராகப் போய்ச் சேர்கிறது.

வேறு ஊராக இருந்தால் இதற்குக் காரணம் கேட்டு ஆளனுப்பியிருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. மெஷினோடேயே பிறந்து மெஷினோடேயே வளர்ந்தவர்கள்; அதற்கு மனசு உண்டா என்று எங்களிடம் கேட்டால் கேட்டவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்போம். எத்தனை மணி வரைக்கும், எது எது ஓடலாம், எது எது கூடாது என்பதுதான் அன்று மாலை சங்கத்தில் பேச்சு.

"திங்கக்கிழமை வரைக்கும் முந்நூத்திப் பன்னண்டு வண்டியும் நிக்கணுமா?" என்று கேட்டார் காளியப்பன். "எனக்கு விடியால நாமக்கல் முட்டை லோடு கேரளாவுக்குப் போகோணும். ஏத்தி நிக்குது."

அர்த்தநாரி எழுந்து, "என் ஒருத்தனுக்காக யாரும் நிக்க வேண்டாமுங்க," என்றான்.

சாந்தாமணி பெண்கள் பக்கத்திலிருந்து பேசினாள். என் தங்கை சபையில் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அவருக்காக நிக்க வேண்டாம். ஊருக்குத் திருட்டுப் பேரு இருக்குதுல்ல, அதுக்காக நில்லுங்க. அந்தப் பேரு மட்டும் எல்லாருக்கும் சொந்தம்தானுங்களே."

சாவிகள் தாம்பாளத்துக்கே திரும்பின. சனிக்கிழமை விடிந்தபோது எங்கள் ஊர் எப்படி இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்: லாரி இல்லை, பைக் இல்லை, போர் மோட்டார் இல்லை, மேற்குத் தெருவில் இரவு பகலாகத் தடதடக்கிற விசைத்தறி நாற்பதும் இல்லை, பிறந்ததிலிருந்து ஒருவரோடொருவர் கத்தியே பேசிப் பழகிய நாங்கள் கத்த வேண்டிய அவசியமில்லாமல் கத்திவிட்டு வெட்கப்பட்டோம். புருஷன் குறட்டை இவ்வளவு சத்தமா என்று ஒருத்தி பக்கத்து வீட்டில் முறையிட்டாள். கிணற்றில் கயிறு போட்டுத் தண்ணீர் சேந்தினார்கள், கை கொப்புளித்ததைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். டவுன் பஸ் டிரைவரிடம் எல்லைக்கல் பக்கத்திலேயே விஷயத்தைச் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, அங்கேயே நிறுத்தி ஆளை இறக்கி, அங்கேயே திருப்பிக்கொண்டு போனார். எல்லைக்கு வெளியே பைபாஸில் ஆயிரம் வண்டி ஓடினாலும் ஊசி அதைக் கண்டுகொள்ளவில்லை. மின்விசிறியையும் கண்டுகொள்ளவில்லை, அந்த வெயிலில் அதற்கும் இரக்கம் இருந்திருக்கும். ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பாடு ஆச்சா என்பதற்குப் பதிலாக "எத்தனை?" என்றோம். "பதினெட்டுதான்" என்பது பதில். பூசாரி தீபாராதனை காட்டும்போதுகூட மணியை நிறுத்திவிட்டு எத்தனை என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் தட்டை நீட்டினார்.

எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல மாட்டேன். அன்று காலை ஐந்தே முக்காலுக்குக் காளியப்பன் தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்து வந்து முட்டை வண்டியைக் கிளப்பினார். ஊசி பதினாறுக்குப் போனது. யாரும் அவரைத் திட்டவில்லை. தெருவில் இருந்தவர்கள் பல் குச்சியோடும் பால் சொம்போடும் வாசலுக்கு வந்து சும்மா நின்றார்கள். எதிரே தெரிகிற ஐம்பது முகத்தையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு தூரம்தான் ஓட்ட முடியும்? இருபது அடியில் அணைத்துவிட்டு இறங்கி, "முட்டை கெட்டுப்போனா ஊர்தான் பொறுப்பு," என்று கத்தினார். சரி என்று பொறுப்பெடுத்துக்கொண்டோம். அட்டை அட்டையாகத் தலையில் ஏற்றி, ஆணும் பெண்ணும் முந்நூறு பேர், ஒன்றரை கிலோமீட்டர் பைபாஸ் வரைக்கும் முட்டையை நடத்திக்கொண்டே போய், அங்கே வரச்சொல்லியிருந்த வேறு வண்டியில் ஏற்றினோம். பாதிக்கு மேல் காளியப்பனே முன்னால் நடந்து, மேடு பள்ளம் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். மூன்று முட்டைதான் உடைந்தது, அந்த மூன்றும் அவர் தலையிலிருந்து.

மத்தியானம் பாவாயி அக்கா பழக்கதோஷத்தில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைத் திருகிவிட்டாள். அரை டிகிரி. அலறிக்கொண்டு வந்து பெட்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத்தான் நிஜமான சோதனை வந்தது. தறிக்காரத் தெருவில் முருகாத்தாளுக்கு வலி எடுத்துவிட்டது, நாள் பதினைந்து முன்னாலேயே. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். ஊரில் இருப்பது பழனியப்பனின் ஆட்டோ ஒன்றுதான். அது ஓடினால் புகையில் ஆட்டோவே தெரியாது. பழனியப்பன் சாவியை வாங்காமல் அர்த்தநாரி வாசலில் வந்து நின்றான்.

"என்னத்துக்கு இங்க வந்து நிக்கற?" என்று அர்த்தநாரி எரிந்து விழுந்தான். அவனே கோயிலுக்கு ஓடி, தாம்பாளத்தில் சாவியைத் துழாவி எடுத்துக் கொண்டுவந்து பழனியப்பன் கையில் திணித்து, ஆட்டோவைத் தானே தள்ளிக் கிளப்பிவிட்டான். ஊசி பதினேழு, பதினாறு, பதினைந்தரை என்று போனது. நான் பக்கத்தில் நின்றேன். அவன் ஊசியின் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டோ எல்லையைத் தாண்டுகிற வரைக்கும் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஏற்றத்தில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது, இரண்டேமுக்கால் கிலோ.

அந்த மனுஷன் பக்கத்தில்தான் நான் மூன்று நாளும் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன்; யாராவது வந்து, மெக்கானிக்கு நீங்க இருக்கிறதால ஒரு தைரியமுங்க என்பார்கள். வாய் மூடிக்கொள்ளும். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை ஸ்டார்ட்டர் மோட்டார் சேலத்திலிருந்து பைபாஸ் வரை பஸ்ஸிலும், பைபாஸிலிருந்து சைக்கிளிலும் வந்தது. இருபது நிமிஷத்தில் மாட்டினேன். எத்தனை பதற்றத்திலும் என் கை நடுங்காது. சுவிட்சைப் போட்டதும் மெஷின் லொடலொடவென்று பிடித்துக்கொண்டது. ஊசி பதினெட்டு. காளியப்பனைக் கூப்பிட்டு அவர் வண்டியை எடுக்கச் சொன்னோம். பதினெட்டு. முந்நூற்றுப் பன்னிரண்டையும் எடுத்தோம், நாற்பது தறியும் ஓடியது, பாவாயி அக்கா மிக்ஸியில் சட்னி அரைத்தாள், பதினெட்டு, பதினெட்டு. அவரவர் வேலையை அவரவர் பார்க்கப் போனோம். அர்த்தநாரி ஓசூருக்குக் கிளம்பினான்.

சாயங்காலம் நாலரைக்கு அவன் ஃபோன் வந்தது. அரைமணி முன்பிருந்தே என் பட்டறையில் ஊர் கூடியிருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் பேசியது ஓசூர் கிடங்கில் சரக்கைச் சோதிக்கிற ஜெசிந்தா மேடம், அந்தத் தெர்மாமீட்டர் அம்மா.

"உங்க டிரைவர் என்னமோ கதை சொல்றார். இறால் நல்லாத்தான் இருக்கு. ஆனா கோடு நல்லாயில்ல. ஓடுற மெஷின்ல குளிர் கொஞ்சம் ஏறி இறங்கும், ரம்பம் மாதிரி இருக்கும். இது ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கு. கருவியில கை வெச்சிருக்கீங்களா?"

கூட்டம் ஃபோனை நெருங்கி வந்தது. மேடமே தொடர்ந்தாள்.

"நடுவுல சில ஏத்தம் இருக்கு. அதையாவது சொல்லுங்க பார்ப்போம். வெள்ளிக்கிழமை மூணரைக்கு மேல அஞ்சு தடவை?"

"முதல் ஏத்தம் என் வண்டிங்க, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தினேன். மிச்ச நாலும் எங்க மெக்கானிக்கு சோதிச்சதுங்க," என்றார் காளியப்பன்.

"சனிக்கிழமை விடியக்காலை அஞ்சே முக்கால், பதினாறு."

காளியப்பன் தொண்டையைச் செருமினார். "அதுவும் நான்தானுங்க. சங்கத் தலைவர். தப்புத்தானுங்க."

"பன்னண்டு பத்துக்கு அரை டிகிரி."

"மிக்ஸிங்க," என்று பாவாயி அக்கா முன்னால் வந்து ஃபோனைக் கும்பிட்டாள். "மறந்துட்டேன் சாமி."

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஒரு பெரிய ஏத்தம். பதினஞ்சரை."

"அது என் மகளுங்க," என்றான் முருகாத்தாளின் புருஷன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மேடம் குரல் மாறிப் பேசினாள். "ஏத்தம் எல்லாத்துக்கும் ஆள் இருக்கீங்க. சரி. ஆனா மெஷினோட பதிவும் என் கையில இருக்கு. மெஷின் தானா நின்னுதுன்னு டிரைவர் எழுதிக் கொடுத்திருக்கார். பதிவுல, வெள்ளிக்கிழமை பத்தரைக்குச் சுவிட்சைக் கையால அணைச்சதுன்னு இருக்கு. அந்த நேரத்துல கோட்டுல ஒரு மயிரிழைகூட அசையல. ஆனா அணைச்சது அணைச்சதுதானே? எழுதிக் கொடுத்தது பொய்யின்னா இந்தச் சரக்கை நான் எடுக்க முடியாது."

அர்த்தநாரியின் குரல் தூரத்திலிருந்து கேட்டது. "நான் அணைக்கலீங்க மேடம். என் மச்சான் பக்கத்துலதான் இருந்தாரு. தானா நின்னு போச்சுன்னு அவர்தான் சொன்னாரு. அவரு சொன்னா சரியா இருக்குமுங்க."

பட்டறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாந்தாமணியும் பார்த்தாள்.

"நான்தான் மேடம் அணைச்சேன்," என்றேன். "பேரு வையாபுரி. மெக்கானிக்கு. மத்த மெஷினெல்லாம் பூஜைக்கு ஓய்வா இருக்குது, இது மட்டும் ஓடுதேன்னு மனசு கேக்கல. சந்தனம் வெக்க அணைச்சேன். மறுபடி போட்டப்ப ஸ்டார்ட் ஆகல. நின்னு போச்சுன்னு அவங்கிட்டப் பொய் சொல்லிட்டேன். அவன் எழுதிக் கொடுத்தது என் பொய்யிங்க, அவனுதில்ல."

"டீசலுக்காக இல்லையே?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "மேடம், மூணு நாளா இந்த ஊர்ல ஒரு சொட்டு டீசல் எரியல. வந்து டேங்கை மோந்து பாருங்க."

மேடம் சிரித்த மாதிரி இருந்தது. "பதினோரு வருஷமா இந்தக் கேள்விய கேக்கறேன். நான்தான் அணைச்சேன்னு சொன்ன முதல் ஆள் நீங்க. இறக்கச் சொல்றேன். அடுத்த வாரத்துக்கு எனக்கு நாலு வண்டி வேணும். உங்க ஊர்லேருந்தே அனுப்புங்க."

பட்டறை அதிர்ந்தது. நாற்பது தறியும் முந்நூற்றுப் பன்னிரண்டு லாரியும் சேர்ந்தாலும் அந்தச் சத்தம் வராது. காளியப்பன் என் தோளில் அறைந்த அறை இரண்டு நாள் வலித்தது. எனக்கு மட்டும் காது ஃபோனிலேயே இருந்தது. ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போனேன்.

"மாப்பிள்ளை," என்றேன்.

"தெரிஞ்சேதான் மூணு நாளும் என் பக்கத்துல உக்காந்திருந்தீங்களா மச்சான்?"

"ஆமா."

அந்தப் பக்கம் கிடங்குக் கதவு திறந்து, பெட்டிகளை இறக்குகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று யாரோ எண்ணினார்கள். நான் திட்டுக்காகக் காத்திருந்தேன்; திட்டினால் தேவலை என்றிருந்தது.

"சாப்ட்டீங்களா?" என்றான்.

"இல்ல," என்றேன்.

"எனக்குத் தெரியும். மூணு நாளா சாந்தா வெச்ச தட்டை நாய்க்குப் போட்டுட்டு வந்தீங்க, பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். போய்ச் சாப்புடுங்க மச்சான். அடுத்த வாரம் நாலு வண்டி கிளம்போணும், மெஷின் பார்க்க ஆள் வேணுமில்ல."